லாரல் ஹார்டி படத்துல வர்ற அந்த மீசைக்காரர் மாதிரி ஆளுங்களப் பத்தி பேசலாமா?

திண்ணைப்பையன்:

ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சது, இங்க பழைய படம் பாக்குற ஆளுங்க நெறைய பேர் இருக்கீங்க, அதான் போடுறேன். ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் பழைய ரெண்டு ரீல் காமெடி ஒண்ணு ஓட விடுறது எனக்கு இப்ப பழக்கமாயிடுச்சு, இருவது நிமிஷம்தான், பார்த்துட்டு படுத்துரலாம். லாரல் ஹார்டி, அதான் அந்த ஒல்லி குண்டு காமெடி ஜோடி, பிரமாதம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கவனிச்சுப் பார்த்தா நான் வாய்விட்டுச் சிரிக்கிற இடத்துல பாதி அவங்க மூஞ்சில இல்ல, எதுர நிக்குற மூணாவது ஆள் மூஞ்சில இருக்கு. வழுக்கைத் தலை, ஒட்டு மீசை, ஒரு கண்ண இடுக்கிக்கிட்டு இன்னொரு புருவத்த நெத்திக்கு ஏத்துற மனுசன், பேரு ஜேம்ஸ் ஃபின்லேசன்னு தேடிக் கண்டுபிடிச்சேன். அதே மாதிரி ஒரு குட்டையான ஆள் எல்லாப் படத்துலயும் யாரோ ஒருத்தரா வந்து சண்டை போட்டுட்டுப் போறாரு.

ரெண்டு கேள்வி. இந்த மாதிரி சைடு ஆர்ட்டிஸ்ட்ல வேற யாரையெல்லாம் கவனிச்சுப் பாக்கணும்? அப்புறம், ஒண்ணுமே பண்ணாம சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு நமக்கு ஏன் இவ்ளோ சிரிப்பு வருது, அதுல என்ன டெக்னிக்? இன்னொண்ணு, என் தம்பி கூட உக்காந்து பார்த்துட்டு "என்னண்ணா இவ்ளோ ஸ்லோவா இருக்கு"ங்குறான், அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல.

ரெண்டுரீல்:

ஃபின்லேசன் பேர எடுத்துட்டீங்க, இனி என்னை நிறுத்த முடியாது நண்பா.

ஸ்காட்லாந்துக்காரர், 1887ல பிறந்தவர். அவரு ஸ்பெஷல் என்னன்னா அந்த ரெண்டாவது பார்வை. மொதல்ல ஒரு விஷயத்த பாப்பாரு, பார்த்துட்டு ஒண்ணும் இல்லாத மாதிரி தலைய திருப்பிருவாரு, அப்புறம்தான் மண்டைக்குள்ள போய் சேரும், அப்ப வெடுக்குனு திரும்புவாரு. இத எல்லா காமெடியனும் பண்ணுவாங்க, ஆனா இவரு திரும்புனதோட விடமாட்டாரு, தலைய பின்னாடி இழுத்து, ஒரு கண்ண மூடி, மீசை துடிக்க, அப்படியே அந்த அதிர்ச்சிய மூஞ்சில கொஞ்ச நேரம் காய வைப்பாரு. பேசும் படம் வந்தப்புறம் அதுக்கு ஒரு சத்தமும் சேத்துக்கிட்டாரு, "டோஓஓ"ன்னு இழுப்பாரு. சிம்ப்சன்ஸ் கார்ட்டூன்ல ஹோமர் கத்துற "டோ" இவருகிட்ட இருந்து எடுத்ததுதான், குரல் கொடுக்குற டான் காஸ்டலனெட்டாவே சொல்லியிருக்காரு, இழுவைய மட்டும் சுருக்கிட்டாரு.

நீங்க கேட்ட டெக்னிக் பாக்கணும்னா 1929ல வந்த பிக் பிசினஸ் பாருங்க, மௌனப்படம்தான். கலிபோர்னியா வெயில்ல இவங்க ரெண்டு பேரும் வீடு வீடா போய் கிறிஸ்துமஸ் மரம் விக்குறாங்க. ஃபின்லேசன் வேணாம்னு கதவ சாத்துறாரு, மரம் கதவுல மாட்டிக்குது. மறுபடி பெல் அடிக்குறாங்க. மரத்த எடுக்குறாங்க, இப்ப கோட்டு மாட்டிக்குது. மறுபடி பெல். ஒவ்வொரு தடவ கதவு தொறக்கும்போதும் அவரு மூஞ்சி எந்த அளவுக்கு மாறுதுன்னு மட்டும் பாருங்க, மொத தடவை வெறும் சலிப்பு, அடுத்த தடவ "இவனுங்க என்னை கிண்டல் பண்றானுங்களா"ங்குற சந்தேகம், அப்புறம்தான் கோவம். அவசரமே படமாட்டாரு. கடைசில உள்ள போய் கத்திரி எடுத்துட்டு வந்து மரத்த கண்டதுண்டமா வெட்டிப் போடுவாரு.

அங்க இருந்துதான் கச்சேரி ஆரம்பம். இவங்க அவர் வீட்ட உடைக்குறாங்க, அவரு இவங்க காரை உடைக்குறாரு. ஆனா கவனிங்க, ஒருத்தர் உடைக்கும்போது இன்னொருத்தர் தடுக்கவே மாட்டாரு! ரேஷன் கடை வரிசைல நிக்குற மாதிரி அவங்க முறை முடியுற வரைக்கும் அமைதியா நின்னு பாத்துட்டு, அப்புறம் தலைய ஆட்டிட்டு தன் பங்குக்கு ஆரம்பிப்பாங்க. அடிச்சுப் புரண்டா வெறும் சண்டைதான், அத யாரு உக்காந்து பாப்பா. நின்னு பாக்குறதுலதான் எல்லாம் இருக்கு, ஏன்னா அந்த நிக்குற நேரத்துல நாமளும் அவரோட சேர்ந்து "அடுத்து என்ன பண்ணுவான்"னு யோசிக்க ஆரம்பிச்சுர்றோம். இதுக்கு நடுவுல டைனி சாண்ட்ஃபோர்டுன்னு ஒரு மலை மாதிரி ஆள், போலீஸ்காரரா வந்து காரை ஓரமா நிறுத்திட்டு, உடனே இறங்காம, எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பாரு. ஒரு ஆள் வீட்ட இடிக்குறானுங்க, இவரு எழுதுறாரு. கடைசில ஃபின்லேசன் உடைக்க கார் இல்லாம போயி, மிச்சமிருக்குற மரங்களோட ஒத்தையில கட்டிப்புரண்டு குஸ்தி போடுவாரு. என்னைக் கேட்டா அந்த போலீஸ்காரருக்குத்தான் ஆஸ்கர் குடுத்திருக்கணும், அந்த பரிசே அந்த வருஷம்தான் ஆரம்பிச்சுதுங்குறது வேற விஷயம்.

நீங்க சொன்ன குட்டை ஆள் சார்லி ஹால். இங்கிலாந்து பர்மிங்ஹாம்காரர். 40க்கும் மேல லாரல் ஹார்டி படத்துல இருக்காரு, அவங்களுக்கு அடுத்து அதிகமா வந்தது இவருதான்னு சொல்லுவாங்க. வீட்டு ஓனர், டாக்ஸி டிரைவர், தபால்காரர், என்ன வேணா.

மயிலை மாமி:

தபால்காரர்னதும் ஞாபகம் வந்துது. த மியூசிக் பாக்ஸ், 1932. குறும்பட காமெடிக்கு மொத மொதல்ல ஆஸ்கர் வாங்குன படம். பியானோவ அந்த நூத்தி முப்பத்து மூணு படிக்கட்டுல ஏத்தி, விழுந்து, மறுபடி ஏத்தி, மேல கொண்டு போய் சேத்ததுக்கு அப்புறம் சார்லி ஹால் வந்து, அந்தப் பக்கமா ரோடு இருக்கேப்பா, வண்டியிலயே வந்திருக்கலாமேன்னு சாதாரணமா சொல்லிட்டு போவார். சொல்றதுல குத்தல் கிடையாது, நக்கல் கிடையாது, ஏதோ அட்ரஸ் சொல்ற மாதிரி. அவர் கொஞ்சம் சிரிச்சுண்டே சொல்லியிருந்தாலும் அந்த ஜோக் செத்துருக்கும். அத கேட்டுட்டு ரெண்டு பேரும் பியானோவ மறுபடி கீழ இறக்குவா பாருங்கோ!

அதுலயே பில்லி கில்பர்ட். பேராசிரியர் தியோடர் வான் ஷ்வார்ஸன்ஹோஃபன், பேருக்குப் பின்னாடி பட்டம் ஒரு முழ நீளம். படிக்கட்டுல இவாள சுத்திண்டு போயிருந்தா அரை நிமிஷம், ஆனா அவருக்கு கௌரவம், நான் சுத்திண்டு போறதான்னு கத்துவார். தொப்பி உருண்டு உருண்டு கீழ ரோடு வரைக்கும் போயி வண்டில அடிபடும். அந்த மனுஷன் கத்துறதுக்கும் ஒரு தாளம் இருக்கு, மெதுவா ஆரம்பிச்சு படிப்படியா ஏறி மூச்சு முட்டுற எடத்துல நிறுத்துவார். கடைசியில அவர் ஆத்துக்காரி அவருக்காக வாங்கின பியானோன்னு தெரியாம கோடாலி எடுத்து போட்டு உடைக்கறச்சே அது அமெரிக்க தேசிய கீதம் வாசிக்க ஆரம்பிக்கும், மூணு பேரும் வேலைய விட்டுட்டு சல்யூட் அடிச்சுண்டு நிப்பா, பாட்டு முடிஞ்சதும் மறுபடி கோடாலி. என் பேத்திக்கு இவர் குரல் ஏற்கெனவே தெரியும், ஸ்னோ ஒயிட்ல தும்மிண்டே இருக்குற குள்ளன் இவர்தான்.

பவுடர் மூஞ்சி:

எல்லாரும் ஆம்பளைங்களையே சொல்றீங்க. அனிதா கார்வின்னு ஒருத்தங்க இருக்காங்க தெரியுமா?

ஃப்ரம் சூப் டு நட்ஸ், 1928. புதுப்பணக்கார வீட்டம்மா, வீட்டுல பெரிய விருந்து. கப்புல பழக்கலவை, மேல ஒரு செர்ரி. அந்த செர்ரிய ஸ்பூனால எடுக்கணும், அவ்ளோதான் சீன். அது வழுக்கிக்கிட்டே போகுது, கையால எடுக்க மரியாதை தடுக்குது, குனிஞ்சா தலையில வெச்ச கிரீடம் கண்ணுக்கு மேல சரியுது, அத சரி பண்ணிட்டு யாராவது பாத்தாங்களான்னு ஒரு பார்வை, மறுபடி செர்ரி. லாரல் ஹார்டி யாரும் பக்கத்துல இல்ல, ஒரு பொண்ணு, ஒரு ஸ்பூன், ஒரு பழம். இந்தப் படத்த டைரக்ட் பண்ணது யாருன்னா எட்கர் கென்னடி, அவரும் நடிகர்தான், கீழ வேற யாராவது சொல்லுவாங்க.

அதுக்கு முந்தின வருஷம் த பேட்டில் ஆஃப் த செஞ்சுரி. தெருவே கிரீம் பைய (pie, கேக் மாதிரி ஒரு பண்டம்) எடுத்து அடிச்சுக்குற படம். ரொம்ப வருஷம் அந்த ரீல் முழுசா இல்லாம இருந்து 2015லதான் கிடைச்சுது. அத்தன அடிதடிக்கு அப்புறம் கடைசில இவங்க ஒரு மூலையில திரும்பி வர்றாங்க, கீழ கிடக்குற பை மேல வழுக்கி உக்காந்துர்றாங்க. ஒரு நிமிஷம் புரியல அவங்களுக்கு. அப்புறம் புரியுது, ஆனா மூஞ்சில காட்டிக்க மாட்டாங்க. எந்திரிச்சு, கண்ணியமா ரெண்டு எட்டு வெச்சு, காலை லேசா ஒரு உதறு, அப்படியே நடந்து போயிருவாங்க. ஆயிரக்கணக்குல பை வீசுன படத்துல எல்லாருக்கும் ஞாபகம் இருக்குறது அந்த உதறல்தான்.

மே புஷ்ஷையும் விட்ராதீங்க, ஆஸ்திரேலியாக்காரி, ஸ்ட்ரோஹைம்ங்குற டைரக்டர் படத்துல எல்லாம் பெரிய ரோல் பண்ணிட்டு வந்தவங்க, இங்க வந்து தட்டு எறியுற பொண்டாட்டியா கலக்குனாங்க.

ஸ்டூஜஸ் ரசிகன்:

லாரல் ஹார்டி படம் எடுத்த ஹால் ரோச் ஸ்டூடியோ மட்டும்தான் உலகமா தல? கொலம்பியா ஸ்டூடியோ பக்கமும் கொஞ்சம் வாங்க. அங்க இருந்த மூணு பேர் காமெடி டீம் த்ரீ ஸ்டூஜஸ்னாலே கண்ணுல குத்துறது மண்டைல அடிக்குறதுன்னு நெனச்சு நெறைய பேர் தள்ளி வெச்சுர்றாங்க, ஆனா அங்க இருந்த சைடு ஆர்ட்டிஸ்ட் எல்லாம் வேற லெவல், வெர்னான் டெண்ட், பட் ஜேமிசன், எமில் சிட்கா, கிறிஸ்டின் மெக்கின்டயர், சிமோனா போனிஃபேஸ்.

1947 ஹாஃப் விட்ஸ் ஹாலிடே. ஸ்டூஜஸ்ல ஒருத்தரான மோ ஒரு கிரீம் பைய மேல தூக்கிப் போடுறாரு, அது சீலிங்ல ஒட்டிக்குது. நேர் கீழ போனிஃபேஸ் வந்து நின்னு பேச்சு குடுக்குறாங்க, பெரிய வீட்டம்மா. மோ மேல மேல பாத்து நெளியுறாரு. அந்தம்மா, தலைக்கு மேல கத்தி தொங்குற மாதிரி ஏன்பா பயப்படுறன்னு கேக்குறாங்க. உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுதுங்குற மாதிரி ஒண்ணு சொல்லிட்டு இவரு நழுவிருவாரு. அந்தம்மா நிதானமா மேல பாக்குறாங்க. பொத். அந்த மேல பாக்குற வேகம்தான் விஷயம், சடார்னு பாத்திருந்தா காலி. இந்தப் படம் எடுக்கும்போதுதான் இன்னொரு ஸ்டூஜ் கர்லிக்கு பக்கவாதம் வந்துது, 1946 மே மாசம், அதனால அந்த பை சண்டைல அவரு கிடையாது. மெயின் ஆளே இல்லாம மிச்ச பேர் தூக்கி நிறுத்துன சீன் அது.

அதே வருஷம் ப்ரைட்லெஸ் க்ரூம்ல மெக்கின்டயர், கர்லி இடத்துக்கு வந்த ஷெம்ப்ப அறையுற சீன். பாட்டு தெரிஞ்ச மென்மையான பொண்ணு, கை ஓங்கத் தயங்கியிருக்காங்க, ஷெம்ப்தான் நிஜமாவே போடு, தயங்கித் தயங்கி பத்து டேக் வாங்குறதுக்கு ஒரே தடவை வலிச்சா போதும்னு சொல்லியிருக்காருன்னு டைரக்டர் எட்வர்ட் பெர்ன்ட்ஸ் பின்னாடி சொன்ன கதை உண்டு. பாத்தா தெரியும், அது நடிப்பு அடி இல்ல.

திண்ணைப்பையன்:

அடேயப்பா. லிஸ்ட் போட்டு வெச்சுக்கிட்டேன். அந்த ஸ்லோ கேள்விக்கு மட்டும் யாரும் வரல. தம்பி 1.5 ஸ்பீடுல பாக்குறான் சார்.

ரெண்டுரீல்:

ஐயோ 1.5ஆ, தயவுசெஞ்சு அத நிறுத்தச் சொல்லுங்க.

இந்தப் படங்கள் எல்லாம் தியேட்டருக்காக எடுத்தது. மொதல்ல ஒரு தியேட்டர்ல ஜனங்களுக்கு போட்டுக் காமிப்பாங்க, எந்த இடத்துல சிரிப்பு எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டுவாங்க. ஸ்டான் லாரல் இந்த வேலையில ரொம்ப கறார். பேசும் படம் வந்தப்புறம் இது இன்னும் முக்கியம் ஆயிடுச்சு, ஜனங்க சிரிச்சுக்கிட்டு இருக்கும்போது அடுத்த டயலாக் வந்தா காதுல விழாது. அதனால ஹார்டி கேமராவ பாத்து "பாத்தீங்களா என் நெலமைய"ன்னு ஒரு பார்வை பாக்குறாரே, அது நடிப்பும் தான், சிரிப்பு அடங்குறதுக்கு விட்ட இடமும் தான். போன்ல ஹெட்போன் போட்டு ஒத்தையா பாக்குறவனுக்கு அந்த இடம் காலியா தெரியும். நாலு பேரோட பாருங்க, அந்த காலி இடம் சரியா நிறைஞ்சுரும். நான் இத அபார்ட்மெண்ட் பசங்களுக்கு புரொஜெக்டர்ல பெர்பெக்ட் டே போட்டப்ப பாத்தேன், ஒரு இடத்துல கூட தொய்வே தெரியல.

பெர்பெக்ட் டேன்னதும் எட்கர் கென்னடி சொல்லணும். 1929. குடும்பமே ஞாயித்துக்கிழமை பிக்னிக் கிளம்புது, கென்னடிதான் மாமா, காலுல பெரிய கட்டு. படம் பூரா அந்தக் காலுக்குத்தான் கண்டம், நாய் கடிக்கும், எதாவது இடிக்கும். அவரோட வித்தை கோவத்த உடனே காட்டாம உள்ளயே புழுங்குறது. கைய நெத்தில வெச்சு மெதுவா மூஞ்சி மேல கீழ வரைக்கும் இழுப்பாரு, கை கீழ வரும்போது வேற மூஞ்சி இருக்கும். ஃபின்லேசனுக்கு வெடிப்புன்னா இவருக்கு புழுக்கம். கார் கிளம்பவே கிளம்பாது, ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து குட்பை குட்பைன்னு கை ஆட்டுவாங்க, அந்த பேர் தெரியாத ஆளுங்க ஒவ்வொரு முறையும் அதே உற்சாகத்தோட கை ஆட்டணும், கொஞ்சம் சலிச்ச மாதிரி ஆட்டியிருந்தா அடுத்த தடவைக்கு சிரிப்பு வராது.

கார்னோ கம்பெனி:

சாப்ளின் பக்கம் யாரும் போகல, நான் போறேன். 1916 த பான்ஷாப். அடகுக் கடை, ஆல்பர்ட் ஆஸ்டின் ஒரு அலாரம் கடிகாரத்த அடகு வெக்க வர்றாரு. சாப்ளின் அத ஸ்டெதஸ்கோப் வெச்சு பாக்குறாரு, தட்டிப் பாக்குறாரு, டின் ஓப்பனர் போட்டு தொறக்குறாரு, மோந்து பாக்குறாரு, உள்ள இருக்குற ஸ்பிரிங்க உருவி துணி அளக்குற மாதிரி அளக்குறாரு. எல்லாத்தையும் உதிரியாக்கி, வாரி அந்த ஆளோட தொப்பில போட்டு, ம்ஹூம் இது தேறாதுன்னு தலைய ஆட்டுறாரு. சாப்ளின பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. நீங்க அடுத்த தடவை பாக்கும்போது ஆஸ்டின மட்டும் பாருங்க. ஷாட் ரொம்ப நேரம் வெட்டாம ஓடுது, அந்த மனுசன் நின்ன இடத்துல நிக்குறாரு, மூஞ்சில ஒரு சின்ன கவலை, அவ்ளோதான். ஆஸ்பத்திரில டாக்டர் எதிர்ல நிக்குறவன் தடுக்கவா செய்வான், பெரியவங்க ஏதோ பண்றாங்கன்னு நம்புற முகம். அவரு ஒரு தடவை கைய நீட்டி ஏய் என்னய்யா பண்றன்னு கேட்டிருந்தாலும் சீன் அங்கயே முடிஞ்சுது.

எதுர்ப்பக்கம் எரிக் கேம்ப்பெல். ராட்சசன் சைஸ், புருவத்துக்கு மை போட்டு மேல இழுத்து விட்டிருப்பாரு. 1917 ஈஸி ஸ்ட்ரீட்ல சாப்ளின் தடியால அடிச்சா கொசு கடிச்ச மாதிரி கூட கண்டுக்க மாட்டாரு, பலத்த காட்ட தெரு விளக்குக் கம்பத்தையே வளைப்பாரு, சாப்ளின் அதே விளக்க அவரு தலைக்கு மேல கவுத்து கேஸ திறந்து விட்ருவாரு. த இமிக்ரண்ட்ல சர்வர். பக்கத்து டேபிள்ல ஒருத்தன் பத்து சென்ட் கம்மியா குடுத்தான்னு சர்வர் எல்லாரும் சேந்து மொத்துவாங்க, அதுக்கு அப்புறம் சாப்ளின் பையில கை விட்டா ஓட்டை. இதுல பயமே கேம்ப்பெல் காசைக் கடிச்சுப் பாக்குற மூஞ்சிலதான் இருக்கு. நிஜமாவே பயமா இருந்தாதான் காமெடி வேலை செய்யும், அவரு அத ஒரு துளி கூட விளையாட்டா எடுத்துக்க மாட்டாரு. பாவம், 1917 டிசம்பர்லயே கார் விபத்துல போயிட்டாரு, சாப்ளின் அதுக்கப்புறம் அப்படி ஒரு ஆள கண்டுபிடிக்கவே இல்லங்குறது என் அபிப்பிராயம்.

இவங்க மூணு பேருமே ஃப்ரெட் கார்னோங்குற இங்கிலீஷ் நாடகக் கம்பெனி ஆளுங்க, ஸ்டான் லாரலும் அங்கதான், சாப்ளினுக்கு மாற்று நடிகரா இருந்தவரு. மேடையில கூட்டத்தோட சேந்து நின்னு பழகுனவங்களுக்கு எப்ப தான் நகரக்கூடாதுன்னு தெரியும்.

ஸ்பீடு விஷயத்துல இன்னொண்ணு, மௌனப்படங்கள் பலதும் டிவில வந்தப்ப எடுத்த வேகத்த விட வேகமா ஓட்டுனாங்க. அதனாலதான் சாப்ளின்னா குடுகுடுன்னு ஓடுவாருன்னு நமக்கு பழகிருச்சு. சரியான வேகத்துல வர்ற பிரிண்ட்ல பாத்தா ஆஸ்டின் மூஞ்சில ஒரு யோசனை வர்றதும் போறதும் தனித்தனியா தெரியும்.

மயிலை மாமி:

தம்பிக்கு மொதல்ல டிட் ஃபார் டாட் போட்டுக் காட்டுங்கோ, 1935. அதுக்கு முன்னாடி முந்தின வருஷத்து தெம் தார் ஹில்ஸ், கதை தொடர்ச்சி, கிணத்துல சாராயம் கலந்திருக்கறது தெரியாம மே புஷ்ஷும் இவாளும் குடிச்சுட்டு பாட்டுப் பாடற படம், அவ புருஷன் நம்ம சார்லி ஹால். டிட் ஃபார் டாட்ல ஹாலோட மளிகைக் கடைக்கு பக்கத்துலயே இவா எலெக்ட்ரிக் கடை வெச்சுடுவா. பழைய பகை, மாத்தி மாத்தி கடைய நாசம் பண்ணிக்கறா, ஹால் இனிப்பு மேல படிகாரத்த தூவி வெச்சு இவா வாய கோண வெக்கிறார்.

நடுவுல ஒரு திருடன். அவன் யார்கிட்டயும் சண்டை போடமாட்டான், ஓடமாட்டான், ஒளியமாட்டான். இவா சண்டைக்கு பக்கத்து கடைக்கு போறப்பல்லாம் அவன் இவா கடைலேர்ந்து சாமான் எடுத்துண்டு வெளிய வருவான், வாசல்ல எதிர்ல பாத்தா மரியாதையா வணக்கம் சொல்லிக்குவா, ஹார்டியும் பதிலுக்கு சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் அவன் கைல சாமான் கூடிண்டே போகும், மரியாதை மட்டும் கொஞ்சமும் குறையாது. கடைசியில லாரி கொண்டு வந்து மொத்தமா ஏத்திண்டு போவான். பாபி டன்னுன்னு பேரு. மொத்தமா சேத்தா ரெண்டு நிமிஷம் கூட வரமாட்டார்னு நெனைக்கறேன்.

பவுடர் மூஞ்சி:

அந்த திருடனுக்கு ஃபேன் கிளப் ஆரம்பிச்சா மொத மெம்பர் நான் மாமி.

திண்ணை, லிஸ்ட்ல ஸ்க்ராம் சேத்துக்கோங்க, 1932. குடிகாரரா ஆர்தர் ஹவுஸ்மன், அவருக்கு அதான் பொழப்பு, படத்துக்குப் படம் குடிகாரர்தான், ஆனா தள்ளாடமாட்டாரு, தள்ளாடக்கூடாதுன்னு முயற்சி பண்ற குடிகாரனா நடிப்பாரு, வித்தியாசம் அங்கதான். இவரு தன் வீடுன்னு லாரல் ஹார்டிய கூட்டிட்டுப் போறது ஜட்ஜ் வீடு, அன்னிக்கு காலைல கோர்ட்டுல இவங்கள ஊரை விட்டுப் போங்கடான்னு சொன்ன அதே ஜட்ஜ். ரிச்சர்ட் கிரேமர். அந்த ஆள் முறைக்குறத தம்பி 1.5ல பாத்தா நான் பொறுப்பில்ல.